மாஸ்க் போட்டால் போட்டவருக்கு எவ்வளவு பாதுகாப்பு? என்-95க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்குக்கும் என்ன வித்தியாசம்?

காய்ச்சல் சீசன் வந்துவிட்டால் மெடிக்கல் ஷாப் வாசலில் மாஸ்க் சரம் மறுபடியும் தொங்க ஆரம்பித்துவிடும். கூடவே அந்தப் பழைய சண்டையும் வந்துவிடும். "வைரஸ் அவ்ளோ சின்னது, துணிக்குள்ள புகுந்து வராதா?" என்று ஒரு தரப்பு. "அப்போ ஆஸ்பத்திரியில டாக்டருங்க எதுக்கு போடுறாங்க?" என்று இன்னொரு தரப்பு. வாட்ஸ்அப்பில் தேடினால் இரண்டுக்குமே 'ஆய்வு ஆதாரம்' கிடைக்கும்.

உண்மையில் இந்தச் சண்டைக்குள் இரண்டு தனித்தனி கேள்விகள் குழம்பிக் கிடக்கின்றன. நோய் உள்ளவர் மாஸ்க் போட்டால் சுற்றியிருப்பவர்களுக்கு என்ன நன்மை என்பது ஒன்று. நோய் இல்லாதவர் போட்டால் அவருக்கே என்ன நன்மை என்பது மற்றொன்று. கொரோனா காலத்தில் அதிகம் பேசப்பட்டது முதல் கேள்விதான். எல்லோரும் போட வேண்டும் என்று உத்தரவு இருந்ததால் அது போதுமானதாகவும் இருந்தது.

இன்று நிலைமை வேறு. பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தால் மாஸ்க் போட்டவர் ஒருவரோ இருவரோதான். அந்த ஒருவர் பெரும்பாலும் காரணத்தோடு போட்டிருப்பவர்: கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவர், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், டயாலிசிஸுக்கு அம்மாவை அழைத்துச் செல்லும் மகள். யாருமே போடாத இடத்தில் நான் மட்டும் போட்டால் பிரயோஜனம் உண்டா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. இந்தக் கட்டுரை அதற்கான பதில்.

வைரஸ் எந்த வழியில் வருகிறது?

மாஸ்க் பற்றிய குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2020 மார்ச் 28ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் தன் சமூக வலைதளப் பக்கத்தில், கோவிட்-19 காற்றில் பரவும் நோய் அல்ல என்று அடித்துச் சொன்னது. இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் எச்சில் துளிகள் கனமானவை, ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும் என்பது அன்றைய கணக்கு. தள்ளி நின்றால் போதும், கையைக் கழுவினால் போதும் என்ற அறிவுரைகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

அதே ஆண்டு ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, இது காற்றிலும் பரவுகிறது, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்த உண்மை அதிகாரப்பூர்வ ஆவணங்களில் முழுமையாக இடம்பிடிக்க மேலும் காலம் பிடித்தது. 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில்தான் பெரிய துளி, சின்னத் துளி என்ற பழைய பாகுபாட்டையே உலக சுகாதார நிறுவனம் கைவிட்டது.

வீட்டில் சாம்பிராணி போடுவதை நினைத்துப் பாருங்கள். பூஜை அறையில் போட்ட புகை கொஞ்ச நேரத்தில் கூடம் வரை வந்துவிடும். ஜன்னல் மூடியிருந்தால் அங்கேயே தங்கும், திறந்திருந்தால் கலைந்து போகும். நாம் மூச்சு விடும்போதும், பேசும்போதும், பாடும்போதும் வெளியேறும் நுண்துகள்களும் அப்படித்தான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், இந்தத் துகள்களில் பல ஒரு மைக்ரானுக்கும் குறைவானவை. மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். தெறிக்கும் துளியைத் தடுக்க முகத்துக்கு முன் ஒரு மறைப்பு போதும். மிதக்கும் புகைக்கு அது போதாது, அது பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

ஓட்டை பெருசு, வைரஸ் சின்னது... அப்புறம் எப்படித் தடுக்கும்?

கொரோனா வைரஸின் அளவு ஏறத்தாழ 0.1 மைக்ரான். மாஸ்க் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி அதைவிடப் பல மடங்கு பெரியது. இது உண்மை. ஆனால் இதை வைத்து 'கம்பி வேலி போட்டு கொசுவைத் தடுப்பது போல' என்று கிண்டல் செய்வது, மாஸ்க்கை சல்லடை என்று நினைத்துக்கொள்வதால் வருவது. மாஸ்க் சல்லடை அல்ல.

முதல் விஷயம், வைரஸ் தனியாகப் பறந்து வருவதில்லை. மூச்சின் ஈரம், உப்பு, சளி கலந்த துகளுக்குள் உட்கார்ந்து வருகிறது. இரண்டாவது, என்-95இன் நடு அடுக்கு ஒற்றை வலை அல்ல, மெல்லிய இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் ஒரு புதர்க்காடு. காற்று அதற்குள் வளைந்து நெளிந்துதான் போக முடியும். பெரிய துகளால் அந்த வேகத்தில் வளைய முடியாது, நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளுக்கு வேறு பிரச்னை. காற்று மூலக்கூறுகள் அதை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிய குழந்தை போல அது அலைபாய்ந்து, ஏதாவது ஓர் இழையில் முட்டிவிடும்.

இரண்டுக்கும் நடுவே உள்ள அளவுதான் தொல்லை. மோதும் அளவுக்குக் கனமும் இல்லை, அலைபாயும் அளவுக்குச் சிறியதும் இல்லை. அது கிட்டத்தட்ட 0.3 மைக்ரான். அதனால்தான் என்-95க்கான அமெரிக்கச் சோதனையில் அந்த அளவு உப்புத் துகளை நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றோடு செலுத்திப் பார்க்கிறார்கள். அந்தக் கஷ்டமான அளவிலேயே குறைந்தது 95 சதவீதத்தைப் பிடித்தால்தான் '95' என்ற எண் கிடைக்கும். அதைவிடச் சிறியதும் பெரியதும் இன்னும் எளிதாகவே மாட்டும். 'என்' என்ற எழுத்துக்கு, எண்ணெய்ப் புகையைத் தாங்காது என்று பொருள். ஐரோப்பாவின் எஃப்எஃப்பி2, சீனாவின் கேஎன்-95, கொரியாவின் கேஎஃப்-94 எல்லாம் ஏறக்குறைய இதே தரத்தில் உள்ள ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

இதில் இன்னொரு வேலையும் நடக்கிறது. சீப்பைத் தலையில் தேய்த்து, கிழித்துப் போட்ட காகிதத் துண்டுகள் மேல் காட்டினால் ஒட்டிக்கொள்ளும் அல்லவா, பள்ளியில் செய்தது? அதே நிலைமின்சாரம்தான் என்-95இன் இழைகளில் நிரந்தரமாக ஏற்றப்பட்டிருக்கிறது. இழையோ, அரிசிச் சாக்கு நெய்யப் பயன்படும் அதே பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். அதில் மின்னூட்டம் ஏற்றும் முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர், தைவானில் பிறந்து அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சாய். ஓய்வுபெற்று வீட்டிலிருந்தவர், 2020இல் தட்டுப்பாடு வந்தபோது என்-95ஐ எப்படி மறுபடி பயன்படுத்துவது என்று ஆராய மீண்டும் களமிறங்கினார்.

என்-95ஐ சோப்பு போட்டுத் துவைக்கக் கூடாது, சானிடைசர் தெளிக்கக் கூடாது என்று சொல்வதற்கும் இந்த மின்னூட்டம்தான் காரணம். துவைத்த மாஸ்க் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் வடிகட்டும் திறன் போயிருக்கும்.

95 சதவீதம் என்பது துணிக்கு, முகத்துக்கு அல்ல

மாஸ்க் விஷயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் போட்டிருக்கும் 95 என்பது மாஸ்க்கின் துணி வழியாகப் போகும் காற்றுக்கான கணக்கு. ஓரத்தில் இருக்கும் இடைவெளி வழியாக நுழையும் காற்றுக்கு எந்தக் கணக்கும் இல்லை. காற்று சோம்பேறி. அடர்த்தியான துணி வழியாகச் சிரமப்பட்டு வருவதைவிட, கன்னத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவே உள்ள சந்துதான் அதற்கு வசதி.

இதை அமெரிக்க அதிகாரிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துப் போட்ட என்-95க்கு அந்நாட்டுத் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா தரும் மதிப்பெண் 10. அதாவது வெளியே 100 துகள் இருந்தால் உள்ளே 10 வரை வரலாம் என்று எதிர்பார்க்க வேண்டும். சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு அப்படி ஒரு மதிப்பெண்ணே கிடையாது. அது முதலில், அறுவை சிகிச்சை செய்பவரின் வாயிலிருந்து நோயாளியின் காயத்தில் எதுவும் விழாமல் இருக்கவும், ரத்தம் தெறித்தால் மறைக்கவும் செய்யப்பட்டது. சுவாசக் கருவி என்ற கணக்கில் அது வராது.

பொருந்துகிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? முறை ரொம்ப எளிது. மாஸ்க் போட்டவரின் தலைக்கு மேல் ஒரு கூண்டு மாதிரி உறையைக் கவிழ்த்து, உள்ளே சாக்கரின் கலந்த நீரைப் புகைபோலத் தெளிப்பார்கள். தலையைத் திருப்பச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள், ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள். நாக்கில் இனிப்பு தெரிந்தால் ஃபெயில். வேறு அளவோ வேறு வடிவமோ மாற்றிப் பார்க்க வேண்டும். தாடி வைத்திருப்பவர்கள் இதில் பெரும்பாலும் தேற மாட்டார்கள், ஓரத்தில் இருக்கும் முடியே கசிவுக்குப் பாதை போட்டுவிடும்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2021 டிசம்பரில் வெளியிட்ட கணக்கு இந்த வித்தியாசத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. தொற்று உள்ளவரும் இல்லாதவரும் அறைக்குள் மிக அருகில் 20 நிமிடம் இருக்கிறார்கள். இருவருமே எஃப்எஃப்பி2 மாஸ்க்கை முகத்தோடு பொருந்தப் போட்டிருந்தால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.1 சதவீதம். அதே மாஸ்க்கைத் தொளதொளவென்று போட்டிருந்தால் சுமார் 4 சதவீதம். நன்றாகப் பொருந்திய சர்ஜிக்கல் மாஸ்க் என்றால் அதிகபட்சம் 10 சதவீதம். இருவருமே மாஸ்க் போடாமல், மூச்சுக்காற்று நேராக வரும்படி நின்றால், 3 மீட்டர் தள்ளியிருந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் தொற்று கிட்டத்தட்ட உறுதி. இவை எல்லாம் மோசமான சூழலை வைத்துப் போட்ட உச்சவரம்புகள், அன்றாட வாழ்க்கையில் ஆபத்து இதைவிடக் குறைவு. கவனிக்க வேண்டியது அந்த முதல் இரண்டு எண்களை. மாஸ்க் ஒன்றுதான். போட்ட விதத்தில் 40 மடங்கு வித்தியாசம்.

சர்ஜிக்கல் மாஸ்க்தான் கையில் இருக்கிறது என்றால்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 பிப்ரவரியில் பொம்மைத் தலைகளை வைத்து ஒரு சோதனை செய்தது. காதில் மாட்டும் நாடாவை மாஸ்க்கின் ஓரத்தோடு ஒட்டி முடிச்சுப் போட்டு, பக்கவாட்டு மடிப்பை உள்ளே செருகியபோது, எதிரே இருமும் பொம்மைக்கு மாஸ்க் இல்லாத நிலையிலும், போட்டிருந்த பொம்மைக்குள் போன துகள் சுமார் 65 சதவீதம் குறைந்தது. சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு மேல் ஒரு துணி மாஸ்க்கை இறுக்கமாகப் போட்டபோது 83 சதவீதம் குறைந்தது. மேல் மாஸ்க்கின் வேலை வடிகட்டுவது மட்டும் அல்ல. உள்ளே இருப்பதை முகத்தோடு அழுத்திப் பிடிப்பதும்தான்.

ஆய்வகத்தில் ஜெயிக்குது, ஊருக்குள்ள ஏன் ஜெயிக்கல?

இங்கேதான் வாட்ஸ்அப் வீரர்களின் ஆதாரம் வருகிறது. அவர்கள் காட்டும் ஆய்வுகள் பொய்யல்ல. ஆனால் அவை பதில் சொல்லும் கேள்வி வேறு.

ஹெல்மெட்டை எடுத்துக்கொள்வோம். 'ஐஎஸ்ஐ முத்திரை ஹெல்மெட் மண்டையைக் காக்குமா?' என்பது ஒரு கேள்வி. 'ஊரில் எல்லோருக்கும் ஹெல்மெட் கொடுத்தால் விபத்து மரணம் எவ்வளவு குறையும்?' என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை காணப் போனால், பெட்ரோல் டேங்க் மேல் வைத்தவர், முழங்கையில் மாட்டியவர், வார் போடாமல் தலையில் கவிழ்த்தவர் எல்லோரும் கணக்கில் வந்துவிடுவார்கள். அபராதம் வசூலித்த நாட்களில் போலீஸைப் பார்த்ததும் தாடையிலிருந்து மூக்குக்கு ஏறிய மாஸ்க்குகளை யாரும் மறந்திருக்க முடியாது.

டென்மார்க்கில் 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை சுமார் 6,000 பேரிடம் நடந்த ஆய்வில், வெளியே போகும்போது சர்ஜிக்கல் மாஸ்க் போடச் சொன்ன பிரிவில் 1.8 சதவீதம் பேருக்கும், சொல்லாத பிரிவில் 2.1 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. வித்தியாசம் மிகச் சிறியது, தற்செயலாகக்கூட இருக்கலாம் என்பதே முடிவு. ஆனால் சொன்னபடி மாஸ்க் போட்டதாகச் சொன்னவர்கள் 46 சதவீதம் பேர்தான். வீட்டுக்குள் யாரும் போடவும் இல்லை.

வங்கதேசத்தில் 600 கிராமங்களில், மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் நடந்த ஆய்வு இதைவிடப் பெரியது. இலவச மாஸ்க், விளக்கம், தொடர் நினைவூட்டல் என எல்லாம் செய்தும் மாஸ்க் சரியாக அணிபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகத்தான் உயர்ந்தார்கள். அந்த உயர்வுக்கே, சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுள்ள தொற்று சுமார் 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம் வரை குறைந்தது. துணி மாஸ்க் கொடுத்த கிராமங்களில் பலன் உறுதியாகத் தெரியவில்லை. இதில் போட்டவருக்குக் கிடைத்த பாதுகாப்பு எவ்வளவு, பக்கத்தில் இருந்தவர் போட்டதால் கிடைத்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

என்-95 ஆதரவாளர்களுக்குச் சங்கடம் தரும் ஆய்வும் ஒன்று உண்டு. கனடா, இஸ்ரேல், பாகிஸ்தான், எகிப்து நாடுகளில் 1,009 சுகாதாரப் பணியாளர்களிடம் நடந்தது அது, 2022இல் வெளியானது. சர்ஜிக்கல் மாஸ்க் பிரிவில் 10.46 சதவீதம் பேருக்குத் தொற்று, என்-95 பிரிவில் 9.27 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம். நோயாளியைக் கவனிக்கும்போது மட்டும் போட்டுவிட்டு, கேன்டீனிலும் வீட்டிலும் கழற்றியவர்களுக்கு அங்கே தொற்று வந்திருந்தாலும் அது இந்தக் கணக்கில்தான் சேரும்.

இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் திரட்டி, 78 பரிசோதனைகளைத் தொகுத்து 2023 ஜனவரியில் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கைதான் 'மாஸ்க் வேஸ்ட்' என்று உலகம் முழுக்கச் சுற்றியது. அதே ஆண்டு மார்ச்சில் அந்த அமைப்பின் தலைமை ஆசிரியர் கார்லா சோரெஸ்-வைசர், மாஸ்க் பலனளிக்காது என்று இந்த அறிக்கையைப் புரிந்துகொள்வது தவறு என்றும், கிடைத்த ஆதாரம் முடிவுக்கு வரப் போதாது என்பதே அதன் சாரம் என்றும் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. விளக்கம் தலைப்பளவுக்கு ஓடவில்லை.

அடுத்து வந்த நார்வே ஆய்வு சற்றே மாஸ்க் பக்கம் சாய்கிறது. 4,647 பேரில் ஒரு பிரிவினர் 14 நாட்கள் கடை, தெரு, பஸ் போன்ற பொது இடங்களில் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டார்கள். மூச்சுப்பாதைத் தொற்று அறிகுறி வந்ததாகச் சொன்னவர்கள் அந்தப் பிரிவில் 8.9 சதவீதம், போடாத பிரிவில் 12.2 சதவீதம். மற்றவர்கள் யாரும் போடாத சூழலில், போட்டவருக்கு என்ன பலன் என்று நேரடியாகப் பார்த்த ஆய்வு என்பதால் இது முக்கியம். பங்கேற்றவர்கள் தாங்களே சொன்ன அறிகுறிகளை வைத்துக் கணக்கிட்டது என்பது இதன் பலவீனம்.

துணி மாஸ்க் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. வியட்நாமின் ஹனோய் நகரில் 14 மருத்துவமனைகளில் 1,607 பணியாளர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், சர்ஜிக்கல் மாஸ்க் பிரிவைவிடத் துணி மாஸ்க் பிரிவில்தான் தொற்று அதிகமாக இருந்தது. மற்றவர்கள் மேல் எச்சில் தெறிக்காமல் இருக்க உதவும். போட்டவரைக் காக்கும் என்று நம்பி நோயாளி பக்கத்தில் உட்கார அது உகந்ததல்ல.

மாஸ்க் போட மறுத்த டாக்டர்

போட்டவரைக் காக்கும் மாஸ்க் என்ற யோசனை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது 1910-11இல், சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது. பினாங்கில் பிறந்த வூ லியன்-டெ என்ற இளம் மருத்துவர், இந்த நோய் எலியால் அல்ல, மனிதரின் மூச்சால் பரவுகிறது என்று சொல்லி, பஞ்சும் காஸ் துணியும் வைத்த கனமான மாஸ்க்கை வடிவமைத்தார். அவரைவிட மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெனி அதை ஏற்கவில்லை. மாஸ்க் போடாமல் ஹார்பின் நகர மருத்துவமனைக்குள் சென்று நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களிலேயே பிளேக்கால் இறந்தார். அதன் பிறகு அந்த ஊரில் மாஸ்க் போட யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. பிளேக் வைரஸ் அல்ல, பாக்டீரியா. ஆனால் வந்த வழி ஒன்றுதான்.

சரி, என்ன வாங்குவது, எப்படிப் போடுவது?

வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூவோ கொரோனாவோ வந்திருக்கிறது, அவரைக் கவனிக்கிறீர்கள் என்றால் இருவரும் மாஸ்க் போடுவதும் ஜன்னலைத் திறந்து வைப்பதும்தான் சிறந்தது. நோயாளி இருமலில் போட முடியாமல் தவிக்கிறார் என்றால் கவனிப்பவராவது என்-95 போட வேண்டும். அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கழற்ற வேண்டும். நான்கு மணி நேரம் ஏசி பஸ்ஸில் மாஸ்க்கோடு வந்துவிட்டு, நடுவே கதவு மூடிய பஸ்ஸுக்குள்ளேயே அரை மணி நேரம் கழற்றி வைத்துச் சாப்பிட்டால், மொத்தப் பயணத்தில் உள்ளே போகும் துகளில் பெரும்பகுதி அந்த அரை மணியில்தான் போகும்.

போட்டதும் மூக்குப் பாலத்தின் மேல் உள்ள கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்திப் படிய வைக்க வேண்டும். ஒரே கையால் கிள்ளினால் நடுவில் கூரையாகி இரு பக்கமும் சந்து விழும். பிறகு உள்ளங்கைகளால் மாஸ்க்கை மூடிக்கொண்டு ஊதிப் பார்க்க வேண்டும். கண் பக்கம் காற்று அடித்தால், அல்லது மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால், மேல்பக்கம் கசிகிறது என்று அர்த்தம். வால்வு வைத்த மாஸ்க் போட்டவரைக் காக்கும், ஆனால் அவர் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியே போகும். அதனால்தான் 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை அதைப் பொதுமக்கள் பயன்படுத்த வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஐந்து வயதும் அதற்குக் குறைவான குழந்தைகளுக்கு மாஸ்க்கே பரிந்துரைக்கப்படவில்லை. ஆஸ்துமா, நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு என்-95 மூச்சு முட்டலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு. மாஸ்க் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் 'ஐஎஸ் 9473' என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வடிகட்டும் முகக்கவசத்துக்கான இந்தியத் தரநிலை அது. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அசலா என்று தெரிந்துவிடும். அடுத்தது நாடா. அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்ட அசல் என்-95 எல்லாமே தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகைதான், காதில் மாட்டும் வகை அந்தப் பட்டியலில் இல்லை. காது தாங்கும் இழுப்பு, மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடிக்கப் பெரும்பாலும் போதாது. நம் ஊர்க் கடையில் 'என்-95 கொடுங்க' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் காதில் மாட்டுவதுதான் கைக்கு வரும். 'தலைக்குப் பின்னாடி மாட்டுற பட்டை வெச்சது இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள்.